இரவில் இளைக்கும் கைட்: வாசகர் கேள்வி – பதில்

சோழகம் என்ற தென்மேற்குக் காற்று அடங்கி வாடை எழும் வரை உள்ள இடைவெளியில்தான் பலரும் கைட் பையைத் திறந்து பார்க்கிறார்கள். இம்முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே நோயைப் பற்றியவை: காற்று மெல்ல இறங்குகிறது. அவற்றை இங்கே சேர்த்துத் தந்திருக்கிறோம். புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. கடலில் பலகைமேல் நிற்பவரை இழுத்துச் செல்லும் பெரிய பட்டம்தான் கைட். அதன் முன்விளிம்பு காற்று அடைத்த ஒரு நீளக் குழாய். 12 சதுர மீட்டர் கைட்டில் அது சுமார் எட்டு மீட்டர் நீளமும் நடுவில் ஒரு சாண் விட்டமும் இருக்கும். அதிலிருந்து பின்னோக்கிப் போகும் கிளைக் குழாய்களுக்கு ஸ்ட்ரட் என்று பெயர். எல்லாக் குழாயும் இரண்டு அடுக்கு: வெளியே தடித்த டேக்ரான் துணி உறை, உள்ளே டிபியு என்ற பாலியூரித்தேன் நெகிழிப் படலத்தால் ஆன பிளாடர். சைக்கிள் டயரும் டியூபும் மாதிரிதான். காற்றைப் பிடித்து வைப்பது பிளாடர், அழுத்தத்தைத் தாங்குவது துணி.

மதியம் மணலில் வைத்து 7 பவுண்டு காற்று அடிக்கிறேன். தண்ணீரில் இறங்கிப் பத்து நிமிடத்தில் முன்விளிம்பு தளர்ந்துவிடுகிறது. கரைக்கு வந்து சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்த்தால் ஒரு குமிழி இல்லை. காற்று எங்கேதான் போகிறது?
– தூத்துக்குடி வாசகர்

எங்கும் போகவில்லை, குளிர்ந்துவிட்டது. வெயிலில் காய்ந்த முன்விளிம்புக்குள் காற்று 42 டிகிரி செல்சியஸ் இருக்கிறது, கடல் நீர் 29 டிகிரி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மானி காட்டும் 7 பவுண்டு, வெளிக்காற்றின் 14.7 பவுண்டுக்கு மேல் உள்ள கணக்கு. ஆக உள்ளே மொத்தம் 21.7. வெப்பத்தைக் கெல்வினில் எழுதினால் 315-லிருந்து 302-க்கு இறங்குகிறது. 21.7-ஐ 302-ஆல் பெருக்கி 315-ஆல் வகுத்தால் 20.8 வரும். அதில் 14.7 போனால் மிச்சம் 6.1. ஊசிமுனை ஓட்டைகூட இல்லாமல் ஏறத்தாழ ஒரு பவுண்டு குறைந்தாயிற்று.

அடித்து முடித்ததும் முன்விளிம்பைக் கடல் நீரால் நனைத்து ஐந்து பத்து நிமிடம் விட்டு, குறைந்ததை மட்டும் மறுபடி ஏற்றிக்கொள்ளுங்கள். இதன் மறுபக்கத்தையும் நினைவில் வையுங்கள். காலைக் குளிர்ச்சியில் விறைப்பாக அடித்த கைட்டை நடுப்பகலில் கரையில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனால், அதே கணக்கில் அழுத்தம் ஏறித் தையலைச் சோதிக்கும்.

குளிர்ந்து இறங்கும் காற்று ஓரளவில் நின்றுவிடும், ஓட்டை வழி போவது நிற்காது. சந்தேகம் தீர ஒரு சோதனை: வெயில் தாழ்ந்தபின் அறைக்குள் வைத்து, கைட்டில் அச்சிட்டிருக்கும் அளவுக்குக் காற்று அடியுங்கள். அரை மணி கழித்துக் குறைந்ததை நிரப்பிவிட்டு இரவு முழுக்க விடுங்கள். காலையில் கட்டைவிரலால் அழுத்தினால் சற்றே குழிந்து உடனே எழும்ப வேண்டும். முன்விளிம்பைக் கையால் மடக்க முடிகிறது என்றால் தொடர்ந்து படியுங்கள்.

ஒரே வால்வில் அடித்தால் முழுக் கைட்டும் நிறையும் வகை என்னுடையது. காலையில் மொத்தமும் தொய்ந்து கிடக்கிறது. எந்தப் பிளாடரில் ஓட்டை என்று தெரியவில்லை. முன்விளிம்பு ஒன்று, ஸ்ட்ரட் ஐந்து, ஆறையும் கழற்ற வேண்டுமா?
– இராமேஸ்வரம் வாசகர்

ஒன்றையும் கழற்றாதீர்கள். மெல்ல இறங்கும் காற்றுக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது வால்வையும் இணைப்புக் குழாயையும்தான், பிளாடரை அல்ல. அவற்றைப் பார்க்காமல் பிளாடரை உருவுவது, வீட்டில் தண்ணீர் வரவில்லை என்று மோட்டாரைக் கழற்றிவிட்டுக் கடைசியில் குழாய் மூடியிருந்ததைக் கண்டுபிடிப்பது போல.

முன்விளிம்பையும் ஒவ்வொரு ஸ்ட்ரட்டையும் இணைக்கும் விரல்தடிமன் குழாயில் ஒரு கிளிப் இருக்கும். காற்றை நிரப்பியதும் எல்லாக் கிளிப்பையும் அழுத்தி மூடிவிட்டு இரவு விடுங்கள். மறுநாள் எது தளர்ந்திருக்கிறதோ அதில்தான் கோளாறு. முன்விளிம்பு மட்டும் தளர்ந்தால் அதன் பிளாடர், அதன் வால்வுகள், கிளிப்புக்கு முன்பக்கம் உள்ள குழாய்த் துண்டு ஆகிய மூன்றில் ஒன்று. ஒரு ஸ்ட்ரட் மட்டும் தளர்ந்தால் அந்த ஸ்ட்ரட், அல்லது கிளிப்புக்குப் பின்பக்கத் துண்டு. எல்லாமே விறைப்பாக நின்றால் கிளிப் வழக்கமாகக் கடிக்கும் இடத்திலேயே குழாய் வெடித்திருக்கும். கிளிப் மூடியிருக்கும்போது அந்த வெடிப்பும் சேர்ந்து மூடிவிடுவதால் காற்று நிற்கிறது. குழாயா பிளாடரா என்று பிரித்தறிய, ஓர் இரவு கிளிப்பை முன்விளிம்புப் பக்கம் ஒட்டி நகர்த்தி மூடுங்கள், மறு இரவு ஸ்ட்ரட் பக்கம் ஒட்டி. குழாயில் கோளாறு என்றால், தளரும் பக்கம் மாறும்.

பிறகு சோப்பு. பாத்திரம் கழுவும் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு. ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி வால்வு மூடி, வால்வின் கழுத்து, குழாய் மாட்டியிருக்கும் இரு முனைகள், கேபிள் டையின் தலை எல்லாவற்றிலும் தெளித்துவிட்டுக் காத்திருங்கள். பெரிய ஓட்டை உடனே கொப்பளிக்கும். நாம் தேடும் சிறிய ஓட்டை ஒரு நிமிடம் கழித்துக் கடுகளவு வெண்ணுரையாக ஒரே புள்ளியில் திரளும். சாய்வெளிச்சத்தில் பார்த்தால் தப்பாது.

இங்கே ஏமாறுகிறவர்கள் அதிகம். பிளாடரில் ஓர் ஓட்டை எங்கோ இருக்கும். அதிலிருந்து கசியும் காற்று பிளாடருக்கும் துணிக்கும் இடையே ஊர்ந்துபோய், துணியில் திறப்பு இருக்கும் இடத்தில், பெரும்பாலும் வால்வின் கழுத்தைச் சுற்றி, வெளியே வரும். அதனால் கழுத்தருகே குமிழி வந்தாலே வால்வு கெட்டுவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். மூடியிலோ குழாய் முனையிலோ வரும் குமிழியை நம்பலாம். கழுத்தைச் சுற்றி வருவதை நம்ப, பிளாடரை வெளியே எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

குழாய் முனையில் கசிவு என்றால் வேலை பத்து நிமிடம். பழைய கேபிள் டை வெயிலில் முறுகி இளகியிருக்கும், வெட்டி எறியுங்கள். குழாய் முனையை வெந்நீரில் ஒரு நிமிடம் முக்கினால் மென்மையாகி அடிவரை ஏறும். முனைக்கு இரண்டு கேபிள் டை, தலைகள் எதிரெதிர்த் திசையில் இருக்கும்படி போட்டு இறுக்குங்கள். தலை இருக்கும் இடத்தில் எப்போதும் சிறு இடைவெளி விழும், ஒன்றின் இடைவெளியை மற்றது மூடும். வாலை நகவெட்டியால் ஒட்ட வெட்டுங்கள். கத்தரியில் வெட்டிய கூர்முனை கையையும் கிழிக்கும், கைட்டைச் சுருட்டும்போது மெல்லிய துணியையும் கிழிக்கும்.

பம்புக் குழாயைக் கழட்டின உடன காத்துச் சீறிக்கொண்டு வெளிய வருது. முந்தி இப்பிடி இல்லை. மூடியைப் பூட்டினாப் பிறகு நிக்குது, ஆனா ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள மெத்தெண்டு ஆகுது. என்ன செய்யலாம்?
– கற்பிட்டி வாசகர்

இரண்டு கோளாறு சேர்ந்திருக்கிறது. வால்வுக்குள் காற்றைத் திரும்ப விடாத ஒரு மடல் இருக்கும். அதன் விளிம்பில் மணல் சிக்கியிருப்பதால்தான் சீறல். அது தொல்லையே தவிர ஆபத்தில்லை, ஏனென்றால் கடைசியில் காற்றை நிறுத்த வேண்டியது மூடி. உங்கள் மூடியும் நிறுத்தவில்லை. அதன் ரப்பர் வளையத்தில் மணலோ வெடிப்போ இருக்கும்.

நல்ல தண்ணீரைப் பீய்ச்சி மடலைக் கழுவுங்கள், காது குடையும் பஞ்சுக்குச்சியால் விளிம்பைச் சுற்றித் துடையுங்கள். வளையத்தைக் கழற்றி விரலில் நீட்டிப் பாருங்கள். மயிரிழை வெடிப்புத் தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான், பழையதைக் கையில் கொண்டுபோய் அதே அளவில் வாங்குங்கள். வழுவழுப்புக்குச் சிலிகோன் கிரீஸ் ஒரு துளி போதும். தேங்காய் எண்ணெயும் வாசலினும் வேண்டாம், மணலைப் பசைபோல இழுத்து வைத்துக்கொள்ளும். மணல் எப்படிப் போனது என்றால், பம்புக் குழாயின் முனையை மணலில் போட்டுவிட்டு அப்படியே வால்வில் சொருகியதால்.

முன்விளிம்புப் பிளாடரை வெளியே எடுத்தால் மறுபடி உள்ளே போகாது என்று பயமுறுத்துகிறார்கள். எடுக்கும் முறையைச் சொல்லுங்கள்.
– மன்னார் வாசகர்

கயிறு கட்டாமல் எடுத்தவர்கள் சொல்வது அது. கயிறு கட்டி எடுத்தால் இரண்டு பேருக்கு ஒரு மணி நேர வேலை.

கைட் காய்ந்திருக்க வேண்டும், தரை மணல் இல்லாமல் பெருக்கியிருக்க வேண்டும். எடுக்குமுன் ஒவ்வொரு வால்வையும், குழாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் கைபேசியில் படம் எடுங்கள். காற்றை முழுக்க வெளியேற்றி, இணைப்புக் குழாய்களைக் கழற்றுங்கள். இறக்கைமுனை இரண்டிலும் வெல்க்ரோ மடிப்பைத் திறந்தால் பிளாடரின் வால் தெரியும், அது துணியோடு கட்டப்பட்டிருந்தால் அவிழ்த்துவிடுங்கள். 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள வழவழப்பான நைலான் கயிறு இரண்டு, தலா 6 மீட்டர். பிளாடரின் ஒவ்வொரு வாலிலும் ஒன்றைக் கட்டி, முடிச்சின்மேல் தட்டையாக டேப் சுற்றுங்கள். முடிச்சு துருத்திக்கொண்டிருந்தால் உள்ளே தையலில் மாட்டும். கயிற்றின் மறுமுனையை இறக்கைமுனைக்கு வெளியே நாற்காலிக் காலிலோ எதிலோ கட்டிவிடுங்கள். இதை மறந்தால் கயிறு முழுக்க உள்ளே ஓடிவிடும், பிறகு பயமுறுத்தியவர்கள் சொன்னது பலித்துவிடும்.

இப்போது வால்வுகளை ஒவ்வொன்றாகத் துணித் துளை வழியே உள்ளே அமுக்குங்கள். நடுவில் ஜிப்போ வெல்க்ரோ வாயோ இருக்கும் கைட்டில் அதன் வழியே ஒரு பாதியை முதலில், மறுபாதியைப் பிறகு உருவுங்கள். நடுவாய் இல்லாத கைட்டில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு உருவ வேண்டும், அதற்கு ஒரே கயிறு 10 மீட்டர். எந்த வகையானாலும் வால்வைப் பிடித்து இழுக்கக் கூடாது, பிளாடரின் உடலைப் பிடித்து இழுங்கள். ஸ்ட்ரட்டுக்கு இவ்வளவு இல்லை: பின்முனை வெல்க்ரோவைத் திறந்து, வால்வுத் துளை வழியே முன்முனையில் கயிற்றைக் கட்டிவிட்டுப் பின்னால் உருவினால் வந்துவிடும்.

திரும்பப் போடும்போது பிளாடரில் சொட்டுக் காற்று இருக்கக் கூடாது. இறுகச் சுருட்டிக் காற்றைப் பிழிந்து வால்வை மூடிவிட்டு, நீளவாக்கில் விசிறிமடிப்பாக மடியுங்கள். மேலே டால்கம் பவுடர் லேசாகத் தடவினால் துணிக்குள் வழுக்கிக்கொண்டு போகும். ஒருவர் கயிற்றை இழுக்க, மற்றவர் வாயருகே முறுக்கில்லாமல் ஊட்ட வேண்டும். நடு வால்வை முதலில் வெளியே எடுத்து, பிறகு பக்கவாட்டில் ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் முனைகளைக் கட்டுங்கள்.

கழற்றிப் போட்ட பிளாடரைத் தொட்டித் தண்ணீரில் முழுக்க அமுக்கிப் பார்த்துவிட்டேன். ஓட்டை அகப்படவே இல்லை.
– சென்னை வாசகர்

பஞ்சர் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் எப்படிப் பார்க்கிறார் என்று கவனியுங்கள். முழு டியூபையும் அமுக்குவதில்லை. ஒரு பிடி நீளம் அமுக்கி, இரு கையாலும் இறுக்கி, பார்த்து, அடுத்த பிடிக்குப் போகிறார். இங்கேயும் அதேதான், ஆனால் கூடுதலாக ஒரு சிக்கல். துணி உறை இல்லாமல் பிளாடரில் விறைப்பாகக் காற்று அடிக்க முடியாது, பலூனாக உப்பி இழுபட்டுப் பாழாகிவிடும். சுருக்கம் மறையும் அளவோடு நிறுத்த வேண்டும். அந்த மென்மையான அழுத்தத்தில் ஊசித்துளை வாய் திறக்காது. ஆகவே அரை மீட்டர் நீளத்தின் இரு பக்கத்தையும் மடக்கிப் பிடித்து, தண்ணீருக்கடியில் நடுவை இறுக்குங்கள். அந்தத் துண்டில் மட்டும் அழுத்தம் கூடி, துளை வாய் திறக்கும்.

தொடங்குமுன் இணைப்புக் குழாய் மாட்டும் முனைகளை அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அவைதான் கொப்பளிக்கும். தண்ணீரில் அமுக்கியதும் மேலே முத்துப்போல ஒட்டிக்கொள்ளும் குமிழிகளைக் கையால் வழித்துவிடுங்கள். வழித்த இடத்தில் மறுபடி ஒரே புள்ளியில் பிறந்து, விட்டு விட்டு ஏறும் குமிழிதான் நாம் தேடுவது. வால்வின் அடித்தட்டு விளிம்பு, நீளவாக்குத் தையல்கோடு, முனையில் மடிந்து கிடந்த பகுதி, இந்த மூன்றையும் இருமுறை பாருங்கள்.

அப்படியும் கிடைக்கவில்லையா? பிளாடரை மென்மையாக நிரப்பி, மேலே ஒரு தலையணையை வைத்து இரவு விடுங்கள். காலையில் தலையணை அதே உயரத்தில் இருந்தால் பிளாடர் குற்றமற்றது. வால்வு மூடியையும் குழாய்களையும் மறுபடி பாருங்கள்.

கிடைத்தால், துடைத்துக் காயவிட்டுப் பால்பாயின்ட் பேனாவால் ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய வட்டம் போட்டு, வட்டத்துக்கு வெளியே தொலைவில் நான்கு அம்புக்குறி இடுங்கள். வட்டம் சுத்தம் செய்யும்போது அழிந்துவிடும். அம்புகள் வழி காட்டும்.

சைக்கிள் டியூப் ஒட்டும் சொல்யூஷனும் ரப்பர் துண்டும் கைவசம் இருக்கிறது. அதையே போட்டால் என்ன? ஃபெவிக்விக்?
– மண்டபம் வாசகர்

ஒட்டினாற்போல் இருக்கும், கடலில் கழன்றுவிடும். சைக்கிள் சொல்யூஷன் ரப்பருக்காகச் செய்தது. பிளாடர் ரப்பர் அல்ல, பாலியூரித்தேன். ஃபெவிக்விக் வகைப் பசை காய்ந்ததும் கண்ணாடிபோல் இறுகிவிடும். பிளாடர் வளைந்து நீளும் பொருள். முதல் சுருட்டலிலேயே பசையில் விரிசல் விழுந்து, அதன் கூர்விளிம்பு புதிய ஓட்டை போடும்.

ஊசித்துளைக்கும் சிறு கீறலுக்கும் தானே ஒட்டும் ஒட்டுத்தாள் போதும். டியர்-எய்ட் என்ற ஒட்டுத்தாளில் இரண்டு வகை உண்டு. உங்களுக்கு வேண்டியது ஏ வகை. பி வகை வினைல் பொருள்களுக்கானது, காற்று மெத்தைக்கு வாங்கி வைத்திருப்பதை இதில் போடாதீர்கள். ஒட்டுத்தாள் ஓட்டையைத் தாண்டி எல்லாப் பக்கமும் 2 முதல் 2.5 சென்டிமீட்டர் நீண்டிருக்க வேண்டும். மூலையை வட்டமாக வெட்டுங்கள், கூர்மூலைதான் முதலில் உரியும்.

சுத்தம் செய்வதில்தான் முக்கால் வேலை. ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட வெள்ளைத் துணியால் துடையுங்கள், துணி அழுக்காகாமல் வரும்வரை. கை கழுவும் சானிடைசர் வேண்டாம், அதில் கிளிசரின் இருக்கும், பசை பிடிக்காத படலத்தை விட்டுச்செல்லும். டால்கம் பவுடர் படிந்த பழைய பிளாடர் என்றால் இரண்டு மடங்கு துடையுங்கள். துடைத்த இடத்தில் விரல் படக் கூடாது. பிளாடரைக் கண்ணாடி மேசைமேல் சுருக்கமில்லாமல், ஆனால் இழுக்காமல் விரியுங்கள். இழுத்து ஒட்டினால் விட்டதும் சுருங்கி, ஒட்டுத்தாள் அடியில் வாய்க்கால்போலக் காற்றுப் பாதை விழும். ஒட்டுத்தாளை ஒரு விளிம்பிலிருந்து மெல்ல இறக்கி, கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து வெளியே அழுத்தித் தேயுங்கள். 24 மணி நேரம் விட்டுவிட்டு உள்ளே போடுங்கள்.

தையல்கோட்டின் மீதோ வால்வின் விளிம்பிலோ ஓட்டை இருந்தால் ஒட்டுத்தாள் படியாது. அங்கே ஸ்டார்ம்ஷ்யூர், அக்வாஷ்யூர் போன்ற பாலியூரித்தேன் பசையை மெல்லிசாகப் பூசி ஒரு நாள் காயவிடுங்கள். தடிமனாகப் பூசினால் வலு கூடும் என்பது தப்புக் கணக்கு, மேலே காய்ந்து உள்ளே ஈரமாகவே கிடக்கும். ஒரு விரல் நீளத்தைத் தாண்டிய கிழிசலுக்கு ஒட்டு வேலை செய்வதைவிட பிளாடரை மாற்றுவது மேல்.

ஒரே இடத்தில் மூன்றாவது முறையாக ஓட்டை. ஒட்டிய ஒட்டு அப்படியே இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் புதிதாக விழுகிறது.
– தூத்துக்குடி வாசகர்

உள்ளே முள் இருக்கிறது. நம் கரைகளில் கைட்டை விரிக்கும் இடத்தில் எல்லாம் சீமைக்கருவேலம் நிற்கிறது. அதன் முள் துணியைக் குத்தி ஏறியதும் நுனி உடைந்து டேக்ரானின் இழைக்குள் தங்கிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. பிளாடரை எடுத்து, ஒட்டி, திரும்பப் போட்டுக் காற்று அடித்ததும் அந்த நுனி மறுபடி குத்துகிறது. பிளாடர் ஒவ்வொரு முறையும் ஒரு சென்டிமீட்டர் தள்ளி உட்காருவதால் ஓட்டையும் தள்ளி விழுகிறது.

ஒட்டின் இடத்தை வால்விலிருந்து அளந்து, துணியில் அதே தொலைவில் குறியிடுங்கள். உறையை அந்த இடத்தில் உள்புறம் வெளியே வரும்படி முடிந்தவரை திருப்பி, பஞ்சுத் துண்டை மெல்ல இழுத்துக்கொண்டே போங்கள். விரலுக்குத் தட்டாத முள் பஞ்சைப் பிடித்துவிடும். சாமணத்தால் உள்பக்கமாகவே பிடுங்குங்கள், வெளியே தள்ளினால் பாதி உள்ளே நிற்கும். துணியில் விழுந்த துளைக்கு வெளியே ஒட்டுத் துணி போடுங்கள். அதே நேரத்தில் உள்தையல்களையும் பாருங்கள்: பழைய பழுதுபார்ப்பில் விட்ட நூல் முடிச்சும், உருகி இறுகிய நைலான் முனையும் முள் செய்யும் வேலையைச் செய்யும்.

காரின் டிக்கியில் பத்து நாள் கிடந்த கைட். இப்போது வால்வின் அடித்தட்டு பிளாடரிலிருந்து பாதி பெயர்ந்து நிற்கிறது. மறுபடி ஒட்டலாமா?
– கோவளம் வாசகர்

வெயிலில் நிற்கும் காருக்குள் ஏறும் சூட்டில் இளகுவது அந்த ஒட்டுதான். பெயர்ந்த தட்டையே மீண்டும் ஒட்ட முயல்வது பெரும்பாலும் வீண், பழைய பசையின் மீது புதிய பசை நிற்காது. தானே ஒட்டும் தட்டோடு மாற்று வால்வுகள் கிடைக்கின்றன. வாங்குமுன் கழுத்தின் விட்டத்தையும், நேர்முனையா வளைமுனையா என்பதையும் பாருங்கள். பழைய தட்டை முழுக்க உரித்து, மிச்சப் பசையை ஆல்கஹாலால் எடுத்துவிட்டு, ஒட்டாமல் வைத்து ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்: பிளாடரின் துளையும் வால்வின் துளையும் நேர்க்கோட்டில், முனை சரியான திசையில். ஒருமுறை பதிந்தால் நகர்த்த முடியாது. கரண்டியால் தேய்த்து, மேலே கனமான புத்தகம் வைத்து 24 மணி நேரம்.

பஞ்சர் கடை கம்ப்ரஸரில் அடித்தால் என்ன?
– காரைக்கால் வாசகர்

கைட்டுக்கு வேண்டியது 6 முதல் 8 பவுண்டு சொச்சம், சிறிய கைட்டுக்குச் சற்றுக் கூட. அந்தக் கம்ப்ரஸர் 100-க்கு மேல் வைத்துக்கொண்டு நிற்கிறது. கை நழுவும் நேரத்தில் தையல் பிளந்து, பின்னாலேயே பிளாடரும் வெடிக்கும். வேண்டாம்.

எல்லாம் சரியாக ஒட்டி, போட்டு, காற்றும் அடித்தாயிற்று. இறக்கைமுனை ஒரு பக்கம் மட்டும் வாழைப்பழக் காம்புபோல ஒல்லியாக நிற்கிறது.
– இராமேஸ்வரம் வாசகர்

உடனே காற்றை விடுங்கள். உள்ளே பிளாடர் முறுக்கிக்கொண்டோ மடிந்தோ நிற்கிறது. இன்னும் இரண்டு பவுண்டு ஏற்றினால் சரியாகிவிடும் என்று நினைத்துத்தான் பலர் முனையை வெடிக்கவிடுகிறார்கள். பிளாடர் உறையைவிடச் சற்றுப் பெரிதாக இருப்பதே துணியில் சாய்ந்துகொள்ளத்தான். மடிந்த இடத்தில் துணியின் தாங்கல் கிடைக்காமல் தானே சுமையைத் தாங்கி வெடிக்கும். முனையை அவிழ்த்து, வாலை வெளியே இழுத்து, தையல்கோடு நேராக வருகிறதா என்று பாருங்கள். சரிசெய்தபின் ஒன்றிரண்டு பவுண்டு மட்டும் அடித்து, முன்விளிம்பை நடுவிலிருந்து முனைவரை கையால் நீவி, காற்றை விட்டு, மறுபடி அடியுங்கள். இரண்டு மூன்று தடவையில் பிளாடர் தன் இடத்தைப் பிடிக்கும். பிறகுதான் முழு அழுத்தம்.

காற்றே அடிக்காத கைட் இருக்கிறதே, இந்தத் தொல்லை எதற்கு?
– நாகர்கோவில் வாசகர்

இருக்கிறது. பாராகிளைடர்போல அறை அறையாகத் தைத்த ஃபாயில் கைட்டுக்குப் பம்பால் அடிக்கும் வால்வும் இல்லை பிளாடரும் இல்லை. ஆனால் கடலில் விழுந்து கிடந்தால் அறைகளில் தண்ணீர் ஏறும் தொல்லை அதற்கு. விழுந்த கைட் மிதந்து, மறுபடி எழ வேண்டும் என்பதற்காகவே பிரான்சின் லெகெனூ சகோதரர்கள் காற்றடைத்த முன்விளிம்பு கைட்டுக்கு 1984-இல் காப்புரிமை கோரினார்கள். நாம் ஒட்டிக்கொண்டிருக்கும் ஓட்டையெல்லாம் அன்று தொடங்கியவை.

கரையிலிருந்து வெகுதூரத்தில் இருக்கும்போது முன்விளிம்பு தளர்கிறது என்று தெரிந்தால்?
– மன்னார் வாசகர்

முதல் அறிகுறி கையில் தெரியும்: கைட்டைத் திருப்பப் பிடிக்கும் கைப்பிடியான பாரைத் திருப்பினால் கைட் தாமதித்துத் திரும்பும், காற்று வீச்சில் முன்விளிம்பின் நடு உள்வாங்கும். அதைப் பார்த்ததும் இன்னொரு சுற்று என்ற எண்ணமே வேண்டாம். கைட் பறக்கும்போதே கரையை நோக்கித் திருப்புங்கள், தாவாதீர்கள், கைட்டைத் தண்ணீரில் விழவிடாதீர்கள். தளர்ந்த கைட் விழுந்தால் நடுவில் மடிந்துவிடும், மீண்டும் எழாது.

விழுந்துவிட்டால், விரைவு விடுவிப்பை இழுத்துக் கைட்டின் வலுவைக் கொல்லுங்கள். முதலில், விடுவித்தபின்னும் கைட்டை உங்களோடு இணைத்திருக்கும் பாதுகாப்புக் கயிற்றைப் பாரில் பல சுற்றுச் சுற்றுங்கள், பிறகுதான் மற்றக் கயிறுகளைச் சேர்த்துச் சுற்றிக்கொண்டு கைட்டை நெருங்க வேண்டும். தளர்ந்த கயிறு விரலிலோ காலிலோ சுற்றக் கூடாது. மிச்சமிருக்கும் காற்றுதான் உங்கள் மிதவை, எந்த வால்வையும் திறக்காதீர்கள்.

கரையில் காற்று நிரப்பியதும் கிளிப்புகளை மூடச் சொல்வது இதற்காகத்தான். திறந்தே விட்டால் ஒரு ஸ்ட்ரட்டின் ஓட்டை முன்விளிம்பையும் சேர்த்துக் காலி செய்யும். மூடியிருந்தால் முன்விளிம்பு வெடித்தாலும் ஸ்ட்ரட்டுகளாவது மிதக்கும். காற்று கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும் நாளில், ஒட்டுப்போட்ட கைட்டை முதன்முறையாகச் சோதிக்காதீர்கள்.

பழைய கைட் ஒன்று மலிவாக வருகிறது. பிளாடர் மஞ்சளாக, தொட்டால் பிசுபிசுவென்று இருக்கிறது. கழுவினால் போய்விடுமா?
– யாழ்ப்பாணம் வாசகர்

அது அழுக்கு இல்லை. ஈரமும் சூடும் சேர்ந்து பாலியூரித்தேனையே சிதைக்கத் தொடங்கியதன் அடையாளம். ஈரத்தோடு சுருட்டி வெப்பமான அறையில் வைத்த கைட்டில் இது வரும். இன்று ஓர் ஓட்டையை ஒட்டினால் அடுத்த வாரம் தையல்கோட்டில் நான்கு வரும், ஒட்டுத்தாளும் பிசுபிசுப்பின்மேல் பிடிக்காது. எல்லாப் பிளாடரையும் புதிதாக வாங்கும் செலவை விலையோடு கூட்டிப் பாருங்கள். அதற்குமுன் மேல்துணியை இரு கை விரலால் பிடித்து இழுத்துப் பாருங்கள். காகிதம்போலக் கிழியும் ஓசை கேட்டால், இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.